செகண்ட் ஷிப்ட் காட்டேரி

காட்டேரி பெங்களூரிலிருந்து கிளம்பி, சந்தாபுரத்தில் இரண்டு பேரையும் ஆனேக்கல் பக்கம் ஓர் எருமையையும் முடித்துவிட்டு, அத்திப்பள்ளி செக்போஸ்ட் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று ஓசூர் முழுக்கப் பேச்சு. லாரிக்காரர்கள் அரைநாள் நின்று, பத்து சீல் வாங்கிக் கடக்கிற செக்போஸ்ட் அது. காட்டேரிக்கு அங்கே யாரோ வேண்டியவர்கள் இருந்திருக்க வேண்டும்.

அதன் வேலைமுறை எளிமையானது. பொழுது சாய்ந்ததும் வாசலில் வந்து நின்று, அம்மாவின் குரலிலோ அண்ணனின் குரலிலோ பெயர் சொல்லிக் கூப்பிடும். உள்ளே இருப்பவர் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டால் போதும், உடம்பில் ஒரு சொட்டு மிஞ்சாது. தப்பிக்க ஒரே வழி, கதவில் ‘நாளைக்கு வா’ என்று எழுதி வைப்பது. காட்டேரி அதைப் படித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகும். மறுநாள் வரும், மறுபடியும் படிக்கும், மறுபடியும் போகும். தாலுகா ஆபீசுக்கு நடந்து பழகிய ஜனங்களுக்கு இந்த ஏற்பாட்டில் முழு நம்பிக்கை இருந்தது.

எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் திம்மப்பா லேஅவுட்டில் தகராறு வந்தது. கர்நாடகத்துக் காட்டேரி, கன்னடம்தான் படிக்கும் என்றார் ஒருவர். பிழைக்க வந்த இடத்தில் தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்றார் இன்னொருவர். “நம்ம ஊட்ல பேசறது தெலுங்கு. தெலுங்குலயும் ஒரு வரி போட்டு வெச்சா என்னா கொறஞ்சு போவுது?” என்றார் திம்மப்பனின் மனைவி நாராயணம்மா. கடைசியில் எல்லாக் கதவுகளிலும் மூன்று மொழியிலும் எழுதினார்கள். ஒரு கொடி இல்லை, ஒரு கோஷம் இல்லை, மும்மொழித் திட்டம் அமைதியாக அமலுக்கு வந்தது.

லைன் வீடுகளின் கடைசிக் கதவில் மட்டும் அது சிவப்பு நகப்பாலிஷில் எழுதியிருந்தது. எழுதியவள் நாகரசம்பட்டி ஜெயசெல்வி. பக்கத்தில் நின்று சிரித்தவள் கல்லாவி முனிலட்சுமி. இரண்டு பேரும் அந்த ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, சிப்காட்டில் டிவிக்கான காயில் சுற்றும் கம்பெனியில் டிரெய்னிங்கில் இருந்தார்கள். ஒரு வாரம் முதல் ஷிப்ட், மறு வாரம் செகண்ட் ஷிப்ட். செகண்ட் ஷிப்ட் என்றால் மத்தியானம் இரண்டுக்குப் போய் ராத்திரி பத்துக்கு மேல் கம்பெனி வேனில் வந்து இறங்குவது. பொங்கலுக்கு முனிலட்சுமி பெர்மனென்ட் ஆகவேண்டும். அதுவரை ஒரு ஷிப்ட் சொல்லாமல் தவறினால்கூட, டிரெய்னிங்கில் இருப்பவர்கள் அப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஊரில் அவளுக்காக அத்தை ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தாள். ஊத்தங்கரையில் உரக்கடை. மாப்பிள்ளைமீது அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெர்மனென்ட் ஆர்டர் வேண்டியிருந்தது.

லேஅவுட்டின் சொந்தக்காரர் திம்மப்பன். ராகிக் காட்டை மனை போட்டு விற்று, மிச்சத்தில் லைன் வீடு கட்டி, எல்லாவற்றுக்கும் தன் பெயரை வைத்து, குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தானே பிரசிடெண்டாக இருந்தார். தேர்தல் ஒவ்வொரு வருஷமும் ஒழுங்காக நடக்கும். எதிர்த்து நிற்பவர் காலி செய்துகொண்டு போய்விடுவார். லேஅவுட்டுக்குப் பின்னால் கல் குவாரிப் பள்ளம், இரண்டு பக்கமும் காம்பவுண்டு. முன்னால் ஒரே ஒரு இரும்புக் கேட். கேட்டில் கங்கப்பன் என்கிற வாட்ச்மேன். அவன் சொன்னதைச் சொன்னபடி செய்பவன். அப்படிப்பட்டவனால் எவ்வளவு தொல்லை வரும் என்பது அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

காட்டேரி வந்ததில் ஓசூரிலேயே சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் ஜேம்ஸ். லேஅவுட்டின் மாடி வீட்டில் குடியிருந்த கல்லூரி ஆங்கில ஆசிரியர். வாசல் போர்டில் எம்.ஏ., எம்.ஃபில். என்பதற்குப் பிறகு பெரிய எழுத்தில் பிஎச்.டி. என்றும், அதன் காலடியில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில், ‘பதிவு’ என்றும் இருக்கும். அந்தப் பதிவுக்குக் கல்யாண வயசாகவில்லையே தவிர, பள்ளிக்கூடம் போகிற வயசு தாண்டிவிட்டது. ஆராய்ச்சித் தலைப்பு, இங்கிலீஷ் நாவல்களில் ரத்தக் காட்டேரியும் விக்டோரியா மகாராணி காலத்து அச்சங்களும். இத்தனை வருஷத்தில் அதைப்பற்றி ஒரு ஜீவன் அவரிடம் கேட்டதில்லை. அவர் தலையைக் கண்டாலே ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் வகுப்பு வந்துவிடும். இப்போது திம்மப்பனே படியேறி வந்து, “சாரு, நீங்க அந்த சப்ஜெக்டுல பெரிய ஆளாமே, நம்ம ஜனங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லணும்” என்றதும், மனிதர் பெட்டியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஷாமியானா போட்டு, மைக் வைத்து, கூட்டம் நடந்தது. ஜேம்ஸ் தொண்டையைச் செருமினார்.

“காட்டேரி என்பது காட்டேரி அல்ல!”

கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் எதற்கு ஷாமியானா?

“அது ஒரு குறியீடு!” என்றார் அவர், மேஜையைத் தட்டி. பிறகு கதைக்குள் போனார். அதில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மலைமேல் பாழடைந்த மாளிகை. கறுப்புக் கோட்டு போட்ட ஜமீன்தார். பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு கப்பலேறி லண்டனுக்கு வருகிறான். நல்ல இங்கிலீஷ் பேசுகிறான். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் அவனாக நுழைய முடியாது. உள்ளே இருப்பவர் ஒருவர் வாய்விட்டு ‘வா’ என்று கூப்பிட வேண்டும். அவனிடம் கடிபட்ட பெண்கள் வெளுத்துப் போகிறார்கள். பகலில் தூங்குகிறார்கள். உதடு சிவக்கிறது. சாயங்காலம் ஆனதும் புறப்பட்டுவிடுகிறார்கள். உரக்கச் சிரிக்கிறார்கள். புருஷன் பேச்சைக் கேட்பதில்லை.

“உண்மையில் அந்தக் காலத்து கனவான்களுக்கு எதைக் கண்டு பயம்?” என்று ஜேம்ஸ் விரலை உயர்த்தினார். “வெளியூரிலிருந்து வருகிறவனைக் கண்டு பயம். வியாதியைக் கண்டு பயம். எல்லாவற்றுக்கும் மேலே, சொந்தமாகச் சம்பாதித்து, தனியாக நடந்து போகிற பெண்ணைக் கண்டு பயம். இந்தப் பயத்துக்கெல்லாம் ஒரு கோட்டு மாட்டி, இரண்டு கோரைப்பல்லும் வைத்தால், அதற்குப் பேர்தான் காட்டேரி!”

பின்வரிசையிலிருந்து முனிலட்சுமி கைதட்டினாள். தனக்கே எதுவோ புரிந்துவிட்ட சந்தோஷம். சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் தட்டவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் ஏசி ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வெளுத்திருந்த கன்னத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசெல்வியின் லிப்ஸ்டிக்கை.

திம்மப்பன் நன்றி சொல்ல எழுந்தார். “சாரு ரொம்ப வெளக்கமா சொல்லிட்டாரு. கடிபட்ட பொம்பளைக்கு என்னென்னா அடையாளம்னு புட்டுப் புட்டு வெச்சுட்டாரு. பகல்ல தூக்கம், சாயங்காலம் பொறப்பாடு, ஒதட்டுல செவப்பு. நான் யாரையும் சொல்லல. நம்ம லைன் வீட்டு ஜன்னலு மத்தியானம் பத்து மணி வரைக்கும் மூடியே கெடக்குது. அவ்ளோதான் சொல்லுவேன்.”

“பத்து மணி மத்தியானமாங்க?” என்று யாரோ கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

தீர்மானம் கைதூக்கலில் நிறைவேறியது. வருகிற புதன்கிழமை முதல் விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்டைப் பூட்டுவது, விடிந்த பிறகுதான் திறப்பது. வெளியில் நின்று எந்தக் குரல் கூப்பிட்டாலும், அது தெரிந்த குரலாகவே இருந்தாலும், திறக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் வந்து ‘வா’ என்று கூப்பிட்டால் மட்டுமே திறக்கலாம். கூப்பிடுகிறவர் கடிபட்டவராக இருக்கக் கூடாது. ஜேம்ஸ் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசி நிபந்தனை அவரே சேர்த்தது. அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் சால்வை.

அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே முனிலட்சுமி மாடிப்படி ஏறினாள். ஜேம்ஸ் இன்னும் சால்வையோடுதான் இருந்தார்.

“சார், நீங்க சொன்னது பொம்பளைங்களப் பாத்து ஆம்பளைங்க பயந்துக்கிட்ட கததானே?”

“அடடா! எம்.ஏ. படிக்கிற பசங்களுக்கே இது புரியாது. உக்காரும்மா.”

“அப்போ கேட்டப் பூட்டறது தப்புன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லலாமில்ல சார்? வியாழக்கிழமையிலிருந்து எனக்கு செகண்ட் ஷிப்ட். ராத்திரி வந்து எங்க நிக்கறது?”

ஜேம்ஸ் சால்வையைச் சரிசெய்தார். “இல்லம்மா, அது விக்டோரியன் சொசைட்டி. இது திம்மப்பா லேஅவுட். தியரிய அப்படியே கொண்டாந்து அப்ளை பண்ணக் கூடாது. கான்டெக்ஸ்ட் பார்க்கணும்.”

“கான்டெக்ஸ்ட்னா என்னங்க சார்?”

“வீட்டு ஓனர்னு அர்த்தம்மா,” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அவர் மனைவி சாராள், கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல எனக்கு வேலை கெடச்சப்பவும் இதேதான் சொன்னாரு. அன்னைக்கு வேற வார்த்தை. வாயில நுழையல எனக்கு. காபி குடிக்கிறியா?”

செவ்வாய்க்கிழமை ஜெயசெல்வியின் அண்ணன் வந்து அவளை நாகரசம்பட்டிக்கு அழைத்துக்கொண்டு போனான். போகும்போது அவள் அழுதபடி, நகப்பாலிஷை முனிலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, “நீயாவது இருடி” என்றாள்.

புதன்கிழமை கம்பெனிக்கு வார லீவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முனிலட்சுமியின் அப்பா வெங்கடப்பன் மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். செய்தி கல்லாவிக்கு எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. காட்டேரியைவிட வேகமாகப் போகிற சங்கதிகள் அந்த ஜில்லாவில் உண்டு. வரும்போதே பிரசிடெண்டைக் கேட்டருகே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

“பெட்டியக் கட்டு கண்ணு. காலைல மொத பஸ்சு.”

“அப்பா, நீ காட்டேரிய நம்பறியா?”

“நான் நம்பினா என்னா, நம்பாட்டி என்னா? காட்டேரின்னா அதுக்கு வேப்பல இருக்குது, பூசாரி இருக்கறான். ஊரு வாய்க்கு என்னா இருக்குது, சொல்லு?”

“பொங்கலுக்குப் பெர்மனென்ட்டுப்பா” என்றாள்.

“தெரியும். கல்லாவி பூரா அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.” அவர் பையிலிருந்த நிலக்கடலையை எடுத்துத் தட்டில் கொட்டினார். “ஆனா நீயே யோசன பண்ணு. பெரிய மனுசங்க கூடி ஒரு தீர்மானம் போட்டிருக்காங்க. பிரசிடெண்டு இருக்கறாரு, புரபசரு இருக்கறாரு. படிச்சவங்க, நாலும் தெரிஞ்சவங்க. அவங்க கண்ணுக்குத் தப்பாத் தெரியறது நமக்கு மட்டும் எப்படிச் சரியாப் போவும்? ராத்திரி கேட்டுக்கு வெளிய, ஒரு வயசுப் பொண்ணு... நல்லாவா இருக்குது?”

அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கெஞ்சுகிற அப்பாவோடு என்ன சண்டை போடுவது? மறுநாள் இரண்டு மணிக்கு அவளுடைய இடத்தில் காயில் சுற்ற ஆள் இருக்காது. சூப்பர்வைசர் பெயரை அடித்துவிட்டு, வெளியே வரிசையில் நிற்கிற அடுத்தவளைக் கூப்பிடுவார். முனிலட்சுமி டிரங்குப் பெட்டியை இழுத்து, யூனிஃபார்மை மடித்து அடியில் வைத்தாள். பிறகு எடுத்து மேலே வைத்தாள். மறுபடியும் எடுத்துக் கொடியிலேயே போட்டாள்.

கார்த்திகை மாதம், ஆறு மணிக்கே இருட்டு வந்துவிட்டது. கேட் பூட்டுகிற முதல் நாள் என்பதால் லேஅவுட்டே வேடிக்கை பார்க்கத் திரண்டது. வெங்கடப்பனும் மகளோடு போய் ஓரமாக நின்றார். கங்கப்பன் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, கேட்டில் வேப்பிலைக் கொத்து கட்டி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினான். பிரசிடெண்ட் கையால் பூட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவரைக் காணவில்லை.

“அவரு ஒருசந்தி இருக்கறாரு,” என்றார் நாராயணம்மா பெருமையாக. “இந்த ஜனங்க நல்லா இருக்கணும்னு சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போயிருக்கறாரு. ராத்திரி கோயில்லயே தங்கிடுவேன்னாரு. பச்சத் தண்ணி பல்லுல படல.”

“எங்க வீட்டுக்காரர் பெங்களூர் லைப்ரரிக்கு,” என்றாள் சாராள். “ஃப்ரெண்டு வீட்ல தங்கி ரெண்டு நாள் நோட்ஸ் எடுக்கணுமாம். கோட்டு போட்டுக்கிட்டுப் போயிருக்காரு.”

முதலில் வந்து மாட்டியது ஜெனரல் ஷிப்ட். டிபன் கேரியரோடு பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாகக் கைதூக்கியவர்கள், கேட்டுக்கு வெளியே வந்து நின்று, “கங்கப்பா, தொற” என்றார்கள். கங்கப்பன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, “நாளெ பா. ரேப்பு ரா. நாளைக்கு வா” என்றான்.

“ஏய், நாங்கடா!”

“எல்லாம் அப்படித்தான் சொல்லும்.”

அவரவர் மனைவிமார் வந்து, ‘வா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக உள்ளே எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. ஒருத்தி மட்டும் யோசித்து, “இருக்கட்டும், சோறு வெந்ததும் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கலாட்டா அடங்கும்போது, அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த ஒரு மினி லாரி ரோட்டோரம் நின்றது. இரண்டு உருவங்கள் இறங்கின. ஒன்று குட்டை, குரங்குக் குல்லாய் போட்டது. ஒன்று நெட்டை, கறுப்புக் கோட்டு போட்டது. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு கேட்டருகே வந்தன.

அத்திப்பள்ளியில் என்ன விசேஷம் என்பதை ஓசூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் கடையே பிராந்திக்கடை. அங்கே தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும் என்பது இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒப்பந்தம்.

“கங்கப்பா! கேட்டத் தொற!” என்றது குட்டை.

“நாளெ பா.”

“டேய், நான் பிரசிடெண்டுடா!”

கங்கப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பாராட்டுகிற குரலில், “அச்சு அசலா பிரசிடெண்டு மாதிரியே பேசுது” என்றான். பிறகு வெளியே பார்த்து, “பிரசிடெண்டு அய்யா மலமேல ஒருசந்தி இருக்கறாரு. போ, போ.”

நெட்டை, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தது. படிக்காதவனிடம் எப்படிப் பேசவேண்டும் என்று அதற்குத் தெரியும். “மை டியர் மேன்! ஓப்பன் தி கேட் அட் ஒன்ஸ்!”

கங்கப்பன் நாலடி பின்னால் குதித்தான். “இங்கிலீஷு! அய்யோ, சாரு சொன்ன சீமக் காட்டேரி! கோட்டு கூடப் போட்டிருக்குது!”

யாரோ டார்ச் அடித்தார்கள். வெளிச்சத்தில் இரண்டு முகமும் தெரிந்தன. கண் நான்கும் சிவப்பு. வாசனை தெரியாமலிருக்கப் போட்ட பீடாவில் உதடெல்லாம் சிவப்பு. நெட்டையின் வாயோரத்தில் கோடாக வழிந்துகொண்டும் இருந்தது. கூட்டத்தில் குழந்தைகள் வீறிட்டன. உண்மை தெரிந்த ஆண்கள் நிறையப் பேர் உள்ளே இருந்தார்கள். ஆனால் இவர்களைத் தெரியும் என்று சொன்னால், எந்தக் கடையில் வைத்துத் தெரியும் என்ற கேள்வி வரும். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

நாராயணம்மா கம்பிக்கு அருகில் போய் மூக்கைச் சுளித்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

“இது எங்க ஊட்டுக்காரரு இல்ல.”

“நாராயணி!”

“அவரு ஒருசந்தி. தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு. இது மேல என்னமோ நாத்தம் வருது. சாராளு, அந்த இன்னொண்ணு உங்களுதான்னு பாரும்மா.”

சாராள் நிதானமாகப் பார்த்தாள். “இல்லக்கா. எங்கவர் சபையில மூப்பர். பீடா போட மாட்டாரு. அதோட அவர் பெங்களூர்ல இருக்காரு. என்கிட்டப் பொய் சொல்வாரா?”

ராத்திரி வெளியில் தங்குவதாகச் சொன்னதைக் கடையிலேயே மறந்துவிட்டு, கால் பழகிய வழியில் வந்து நின்றவர்களுக்கு இப்போதுதான் நிலைமை புரிந்தது. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் மனிதர்கள். இல்லாவிட்டால் காட்டேரிகள். இரண்டு பேரும் சிறிது நேரம் யோசித்தார்கள். அதைப் பார்த்தால், காட்டேரியாகவே இருந்துவிடலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

“ஏன்டி, சும்மா ஒரு ‘வா’ சொல்லிடுடி,” என்றார் திம்மப்பன் குரலைத் தாழ்த்தி. “குளிருது.”

“சொல்லிட்டா உள்ள வந்து ரத்தம் குடிக்குமே?”

“இத்தன வருசம் குடிச்சதவிடவா புதுசா குடிக்கப் போவுது!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

முனிலட்சுமியும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிக்கும்போதே ஒன்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

“கங்கப்பண்ணா, உள்ள இருக்கறவங்க யாராவது கூப்பிட்டா தொறக்கணும், அவ்ளோதானே? நான் கூப்பிடறேன்.”

கங்கப்பன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு அவள்மீது எந்தப் பகையும் இல்லை. ஆனால் சட்டம் சட்டம். “நீ ஷிப்டுப் பொண்ணும்மா. கடிபட்டவங்க கூப்பிட்டா செல்லாது. தீர்மானத்துலயே இருக்குது.”

“நான் கடிபட்டவளா இல்லையான்னு யாரு சொல்லணும்?”

“பிரசிடெண்டு சொல்லணும். சாரு சொல்லணும்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் முனிலட்சுமி வெளியே பார்த்து.

“தங்கமான பொண்ணுடா!” என்று கத்தினார் திம்மப்பன். “சுத்தமான மனுசப் பொண்ணுடா! யாருடா சொன்னது கடிபட்டவன்னு?”

“நீங்கதாங்க சொன்னீங்க,” என்றான் கங்கப்பன். சொல்லி முடித்த பிறகுதான், காட்டேரியைப் போய் ‘நீங்க’ என்று சொல்லிவிட்டோமே என்று, தோஷம் கழிய உள்ளங்கையில் எச்சில் துப்பித் தலையில் தடவிக்கொண்டான்.

“பகல்ல தூங்கறேனே?” என்றாள் அவள்.

“ராத்திரி வேல செஞ்சா பகல்ல தூங்காம?”

“வெளுத்திருக்கேனே?”

“அது ஏசிம்மா!” என்றார் ஜேம்ஸ். “சயின்டிஃபிக் ரீசன்! நான் எழுத்து மூலமாகவே தர்றேன்!”

“எழுத்தெல்லாம் வேணாம் சார், இங்க எல்லாரும் கேக்கறாங்க. நாளைக்கு ராத்திரி நான் ஷிப்டு முடிச்சு வந்து நிப்பேன். எனக்கு யாரு தொறப்பாங்க?”

குளிர்காற்று ஒரு தடவை வீசியது. திம்மப்பன் கேட்டைப் பிடித்தார்.

“நானே வந்து தொறக்கறேன்.”

“நீ எங்க இருப்பியோ, எந்த மலமேல இருப்பியோ,” என்றார் நாராயணம்மா. கங்கப்பனின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்தார். பிறகு முனிலட்சுமியைப் பார்த்து, “சாவி என்கிட்ட இருக்கட்டும். நீ எத்தன மணிக்கு வந்தாலும் என் பேரச் சொல்லிக் கூப்புடு கண்ணு. வந்து தொறக்கறேன்.”

“நான் தூங்காம இருப்பேன். மாடியிலேர்ந்து பாத்து அக்காவ எழுப்பறேன்,” என்றாள் சாராள். வெளியே பார்த்துச் சேர்த்துக்கொண்டாள், “வேற ஒரு விஷயமும் அப்புறம் பேசணும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல இன்னும் ஆள் எடுக்கறாங்களாம்.”

“டேக் இட்! டேக் இட்!” என்றார் ஜேம்ஸ்.

முனிலட்சுமி ஒதுங்கி வழிவிட்டு, கல்யாண வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கையை நீட்டினாள். “வாங்க பிரசிடெண்ட் அய்யா. வாங்க சார். உள்ள வாங்க.”

நாராயணம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுக்க, கேட் திறந்தது. பிரசிடெண்ட் வேப்பிலைக் கொத்தில் தலை சிக்கி, குல்லாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஜேம்ஸ் நேராக நடந்து வருவதாக நினைத்துக்கொண்டு, வெங்கடப்பன்மீது வந்து மோதி, “வெரி சாரி மேடம்” என்றார்.

கூட்டம் கலைந்த பிறகும் வெங்கடப்பன் வேப்பிலையில் தொங்கிய குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இவருதானா நான் மத்தியானம் கும்புட்ட பிரசிடெண்டு?”

“ஆமாம்ப்பா.”

“அவரு புரபசரு?”

“ஆமாம்ப்பா.”

“ம்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இந்த ரெண்டு பேரு என்னா நெனைப்பாங்கன்னா நான் மூணு பஸ்சு மாறி வந்தேன்?”

அறைக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “அந்த அத்தக்காரி கேட்டா என்னா சொல்லப் போற?” என்று முனிலட்சுமி கேட்டதற்கு, “அத நான் பாத்துக்கறேன். அவ வாய அடைக்க எங்கிட்ட இப்போ ஒரு கத இருக்குது, பொங்கல் வரைக்கும் தாங்கும்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கிக்கொண்டு படுத்தார். இருட்டில் மறுபடியும் சிரித்தார்.

மறுநாள் முதல் பஸ்சுக்கு அவர் போகவில்லை. இரண்டாவது பஸ்சுக்கும் போகவில்லை. மத்தியானம் கம்பெனி வேன் கேட்டருகே வந்து ஹாரன் அடித்தபோது, மகளுக்கு முன்னால் அவரே ஏறி, ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்து, ஒரு சீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

“பெரியவரே, ஷிப்டுக்கு நேரமாவுதுங்க, எறங்குங்க,” என்றார் டிரைவர்.

“இருப்பா. எம் பொண்ணு ஒக்கார்ற எடம்,” என்று சொல்லி, ஜன்னலோர சீட்டைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார். யூனிஃபார்மில் இருந்த முனிலட்சுமி ஏறி அதில் உட்கார்ந்தாள்.